மீன்பிடி ஊர்களை வரைந்த 19ஆம் நூற்றாண்டு ஓவியர்கள்: பார்த்தது வேலையையா, துக்கத்தையா?

#1 தூரிகைக்காரன்

யதார்த்தவாத ஓவியம் என்று பேச ஆரம்பித்தாலே பிரெஞ்சு ஓவியர்கள் கூர்பேயும் மில்லேயும் வந்துவிடுகிறார்கள். கல் உடைப்பவர்களையும் கதிர் பொறுக்கும் பெண்களையும் எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்கு அடுத்த தலைமுறையில் ஐரோப்பாவின் மீன்பிடி ஊர்களுக்குப் போய், அங்கேயே வீடு எடுத்துத் தங்கி, மீனவர்களை வரைந்த ஒரு பெரிய கூட்டம் இருந்தது. அவர்களைப் பற்றித் தமிழில் அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. அதனால்தான் இந்த இழை.

முதலில் ஒரே ஒரு படத்தைப் பார்ப்போம். ஸ்டான்ஹோப் ஃபோர்ப்ஸ் 1885இல் முடித்த 'கார்ன்வால் கடற்கரையில் மீன் ஏலம்'. அகலம் ஒன்றரை மீட்டர் இருக்கும். இப்போது பிளிமத் நகரச் சேகரிப்பில் இருக்கிறது. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் பென்சான்ஸை ஒட்டிய நியூலின் என்ற சின்ன ஊரின் கரை அது. அலை வற்றிய நேரம். ஈர மணலில் வானம் அப்படியே தெரிகிறது. முன்னால் மீன்களைக் கொட்டிப் பரப்பியிருக்கிறார்கள். கூடையோடு நிற்கும் பெண்கள், எண்ணெய்த் துணிச் சட்டையும் தொப்பியுமாக ஆண்கள், பின்னால் ஏலம் போடுகிறவரைச் சுற்றிக் கும்பல், அதற்கும் பின்னால் படகுகள். யாரும் நம்மைப் பார்க்கவில்லை, யாரும் அழவும் இல்லை. விலை படியுமா என்பதுதான் அந்த நிமிடத்தில் அங்கே இருக்கிற எல்லோருடைய கவலையும்.

ஃபோர்ப்ஸ் டப்ளினில் பிறந்தவர், தாய் பிரெஞ்சுக்காரர். பாரிஸில் ஓவியர் லியோன் போனாவிடம் படித்தார். பிரான்சின் வடமேற்கிலுள்ள பிரித்தானிக் கரையில் கான்கால், கெம்பெர்லே ஊர்களில் வெளியிலேயே நின்று வரைந்து பழகிவிட்டு, 1884 ஜனவரியில் நியூலினுக்கு வந்தார். இந்தப் படத்தையும் கரையில் நின்றுதான் வரைந்தார். கார்ன்வால் காற்றில், மாறிக்கொண்டே இருக்கிற அலையில், சீக்கிரம் கெட்டுப்போகும் மீனை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய துணியில் வேலை பார்ப்பதற்கு எவ்வளவு பிடிவாதம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். லண்டன் ராயல் அகாதமியில் அந்த ஆண்டே இது காட்சிக்கு வந்தது. நியூலின் என்ற பெயர் ஓவிய உலகத்துக்குத் தெரிய வந்தது இதிலிருந்துதான்.

இன்னொன்று. அந்தச் சமயத்தில் நியூலினில் பெரிய படகுகள் வந்து அணையச் சரியான துறைச் சுவர் கிடையாது. மீனைச் சின்னப் படகுகளில் கரைக்குக் கொண்டுவந்து மணலிலேயே கொட்டி விற்றார்கள். தெற்குச் சுவர் கட்டும் வேலை 1885இல்தான் தொடங்கியது. ஒரு வியாபார முறை மறையப் போகிற கடைசி வருஷங்களை ஃபோர்ப்ஸ் பிடித்து வைத்திருக்கிறார்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஓவியர்கள் வேலையை வரைந்தபோது பெரிய ஓவியர்களாக இருந்தார்கள். சாவையும் காத்திருப்பையும் வரைந்தபோது பெரும்பாலும் கண்காட்சிக் கூடத்துக்காக வரைந்தார்கள். மறுப்பவர்கள் வாருங்கள்.

#2 நெய்தல்நிலா

மறுக்கத்தான் வந்திருக்கிறேன். ஃபிராங்க் பிராம்லியின் 'நம்பிக்கையற்ற விடியல்' (1888) அதே நியூலினில் பிறந்த படம். அதைக் கண்காட்சிக்காக வரைந்தது என்று தள்ளிவிட முடியுமா?

ஒரு மீனவர் வீட்டின் உள்ளே. ராத்திரி முழுக்கக் காத்திருந்திருக்கிறார்கள். இளம் மனைவி தரையில் சரிந்து, வயதான பெண்ணின் மடியில் முகம் புதைத்திருக்கிறாள். மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, திரும்பி வரப்போகிறவனுக்குச் சாப்பாடு வைத்திருக்கிறது. சன்னலோரம் மெழுகுவத்தி எரிந்து தீர்ந்துவிட்டது. வெளியே சாம்பல் நிறத்தில் கொந்தளிக்கும் கடல். பக்கத்தில் பைபிள் திறந்து கிடக்கிறது. அறைக்குள்ளிருக்கும் மஞ்சள் வெளிச்சமும் விடியலின் நீல வெளிச்சமும் ஒரே அறையில் மோதுவதை அந்த மேஜைத் துணியில் பாருங்கள். அந்தத் துணிக்காகவே எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்ப்பேன்.

மீன்பிடித் தொழிலில் சாவும் தொழிலின் ஒரு பகுதிதானே ஐயா? அதை வரையாமல் விட்டால் யதார்த்தம் எப்படி முழுமையாகும்?

#3 தூரிகைக்காரன்

நெய்தல்நிலா, அந்தத் துணியைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. வெளிச்சத்தைக் கையாண்டதில் பிராம்லி அபாரம். என் சிக்கல் வேறு. அந்த அறையில் இருக்கிற ஒவ்வொரு பொருளும் நமக்கு ஏதோ சொல்லவே வைக்கப்பட்டிருக்கிறது. அணைந்த மெழுகுவத்தி, திறந்த பைபிள், பரிமாறாத சாப்பாடு. ஃபோர்ப்ஸின் மணலில் கிடக்கிற மீன் எதற்கும் குறியீடு கிடையாது, அது விற்பனைக்கு வந்த மீன், அவ்வளவுதான்.

லண்டன் கண்காட்சிக்கு எது பிடிக்கும் என்பதும் அன்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பிராம்லியின் படத்தை அதே ஆண்டு சான்ட்ரி அறக்கட்டளை நாட்டுக்காக வாங்கியது. இன்று டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

#4 வலைக்கண்

எனக்கு ஓவியம் தெரியாது, தொழில் தெரியும். அப்பா, சித்தப்பா எல்லோரும் கடலுக்குப் போனவர்கள். அந்தக் கண்ணோடு பார்த்ததைச் சொல்கிறேன்.

இந்த வகைப் படங்களில் என்னை நிறுத்தி வைத்தவர் அமெரிக்கர் வின்ஸ்லோ ஹோமர். உள்நாட்டுப் போரின்போது பத்திரிகைக்குப் படம் வரைந்த ஆள். 1881 வசந்தத்தில் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் டைன்மவுத் பக்கத்திலிருக்கும் கல்லர்கோட்ஸுக்கு வந்து, 1882 நவம்பர் வரை அங்கேயே இருந்தார். பெரும்பாலும் நீர்வண்ணம். பெரும்பாலும் பெண்கள்.

அதுதான் விஷயம். கடலுக்குப் போவது ஆம்பளை, கரையில் காத்திருப்பது பொம்பளை என்று எல்லோரும் எழுதுகிறார்கள். கரையில் யாரும் சும்மா காத்திருப்பதில்லை. கல்லர்கோட்ஸ் பெண்கள் பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பிகளையும் மணலுக்குள் கிடக்கும் புழுவையும் இரைக்காகச் சேர்ப்பார்கள். நீளக் கயிற்றில் வரிசையாகத் தொங்கும் நூற்றுக்கணக்கான தூண்டில்களுக்கு இரை கோப்பார்கள். படகைத் தள்ளி இறக்க உதவுவார்கள். படகு திரும்பியதும் முதுகுக் கூடையில் மீனைச் சுமந்துகொண்டு வீடு வீடாக விற்பார்கள். இரை கோத்த கை எப்படி இருக்கும் என்று எங்கள் அம்மாவின் விரலைப் பார்த்திருந்தால் தெரியும், ஊசி குத்தின தழும்பு போகவே போகாது.

ஹோமரின் 'வலை சீர்செய்தல்' (1882) பாருங்கள். இரண்டு பெண்கள் அருகருகே உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னால் கடல் கிடையாது, புயல் கிடையாது. குனிந்த தலையும் கை வேலையும் மட்டும். அப்புறம் 1883இல் வரைந்த 'மணல் திட்டுக்கு உள்ளே'. கூடையை மாட்டிக்கொண்டு ஒரு பெண் காற்றுக்கு எதிராக நிற்கிறாள், முன்றானை மாதிரி இடுப்பில் கட்டிய துணி உப்பிப் பறக்கிறது. காற்று எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு வேகத்தில் அடிக்கிறது என்று அந்தத் துணியை வைத்தே சொல்லிவிடலாம். இடுப்பில் கை வைத்து அவள் நிற்கிற நிலையில் பயமும் இல்லை, யாரிடமும் இரக்கம் கேட்பதும் இல்லை. தூரிகைக்காரன் சொல்வதற்கு நான் சாட்சி சொல்கிறேன்.

#5 சாம்பல்வானம்

நான் எண்ணெய் வண்ணத்தில் வேலை செய்கிறவள். செய்முறை பற்றிக் கொஞ்சம்.

நியூலின் ஓவியர்கள் எல்லோருக்கும் குரு என்று சொன்னால் அது பிரெஞ்சு ஓவியர் ஜூல் பஸ்தியன்-லெபாஜ். 1884இல் இளவயதிலேயே இறந்துபோனார். தட்டையான சதுர முனைத் தூரிகையால், பட்டை பட்டையாக, வடிவத்தின் போக்கிலேயே வண்ணத்தை வைப்பது அவரிடமிருந்து வந்த பழக்கம். 'மீன் ஏல'த்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஈர மணலில் அந்தப் பட்டைகள் தனித்தனியாகத் தெரியும்.

இந்தப் படங்களில் வானம் ஏன் எப்போதும் மப்பாகவே இருக்கிறது என்று கேட்பார்கள். சோகத்துக்காக என்று பலர் நினைக்கிறார்கள். வேலைக்காரணம்தான் முதல் காரணம். வெயில் இருந்தால் நிழல் நிமிடத்துக்கு நிமிடம் நகரும். பெரிய துணியில் அதைத் துரத்த முடியாது. மேகம் மூடிய நாளில் வெளிச்சம் மணிக்கணக்கில் ஒரே மாதிரி நிற்கும். நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று தொடரலாம். வெளிச்சம் மென்மையாக விழுவதால் முகத்தில் கருப்பு நிழல் விழாது, சாம்பலுக்குள் இருக்கிற பச்சையும் ஊதாவும் கண்ணுக்குத் தெரியும். நானும் வெளியில் வரையும்போது மப்பு நாளைத்தான் தேடுவேன்.

வெளியில் வரைவதே சாத்தியமானதற்குத் தகரக் குழாய்ச் சாயம் ஒரு காரணம். 1841இல் ஜான் ரேண்ட் என்ற அமெரிக்க ஓவியர் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்னால் பன்றியின் நீர்ப்பையில் சாயத்தைக் கட்டி எடுத்துப் போவார்கள், ஒருமுறை குத்தித் திறந்தால் காய ஆரம்பித்துவிடும்.

வெளியில் வரைந்ததற்குச் சான்று வேண்டுமென்றால் வான் கோவின் 'புயலில் ஸ்கெவனிங்கன் கரை' (1882). ஹாலந்தின் கரை. காற்று அவ்வளவு வேகமாக அடித்ததில் மணல் பறந்து வந்து ஈரச் சாயத்தில் ஒட்டிக்கொண்டது. முடிந்தவரை சுரண்டியும் சில மணல் துகள்கள் இன்னும் சாயத்துக்குள்ளேயே இருக்கின்றன. அந்தப் படம் 2002இல் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்திலிருந்து திருடு போய், 2016இல் இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கம் கிடைத்தது.

#6 கரைக்காற்று

எல்லோரும் படத்துக்குள்ளேயே நிற்கிறீர்கள். படத்துக்கு வெளியே நின்று ஒரு கேள்வி. இவர்கள் யார்? ரயில் ஏறி வந்து, மலிவான வாடகையில் தங்கி, ஊர்க்காரர்களுக்குக் காசு கொடுத்து நிற்க வைத்து வரைந்த வெளியூர்க்காரர்கள். மீனவர் வாழ்க்கையை உள்ளபடி காட்டினார்கள் என்று எப்படிச் சொல்ல முடியும்?

டென்மார்க்கின் வடமுனை, ஸ்காகன். அங்கே ஓவியர் க்ரோயர் 1883இல் ஒரு படம் வரைந்தார். வடகடற்கரையில் மாலை வெயிலில் மீனவர்கள் வரிசையாக நின்று வலை இழுக்கிறார்கள். உடம்பின் பாரம் முழுக்கக் கயிற்றில். நல்ல படம். பத்து வருஷம் கழித்து, 1893இல், அதே ஸ்காகனின் தென்கரையில் இன்னொரு படம். நீல அந்தி, வெள்ளை நீள உடை அணிந்த இரண்டு பெண்கள் அலையோரம் உலாவப் போகிறார்கள். ஒருவர் க்ரோயரின் மனைவி, இன்னொருவர் ஆனா ஆங்கர். இன்று சுவரொட்டியாக விற்பது இரண்டாவது படம்தான். வலையும் காணோம், மீனவனும் காணோம். நடுவில் 1890இல் ஸ்காகனுக்கு ரயில் வந்தது, உல்லாசப் பயணிகள் வந்தார்கள். உழைக்கிற கரை உலாவுகிற கரையாக மாறியதை ஓவியர்களே படம் பிடித்திருக்கிறார்கள், அதுவும் தாங்கள் உலாவுகிறவர்களின் பக்கம் நின்றுகொண்டு.

நியூலினுக்கும் இதே கேள்விதான். 1896 மே மாதம் அங்கே பெரிய கலகம். மெத்தடிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மீனவர்கள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள். லோஸ்டாஃப்ட் பக்கத்துக் கிழக்குக் கரைப் படகுகள் ஞாயிறன்றும் பிடித்துத் திங்கள்கிழமை சந்தையை எடுத்துக்கொண்டன. நியூலின்காரர்கள் அந்தப் படகுகளில் ஏறிக் கானாங்கெளுத்தியை அள்ளிக் கடலில் கொட்டினார்கள். அரசாங்கம் சிப்பாய்களை இறக்கியது. பேர்பெற்ற நியூலின் படங்களில் எதிலாவது இந்தக் கோபம் இருக்கிறதா? ஏலத்தை வரைந்தார்கள், சரி. ஏலத்தில் யார் வயிற்றில் அடித்தார்கள் என்பதை வரையவில்லை.

#7 நெய்தல்நிலா

கரைக்காற்று சொன்ன ஆனா ஆங்கரைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளை உடையில் உலாவியவர் என்று மட்டும் விட்டுவிடக் கூடாது. அந்தக் கூட்டத்தில் ஸ்காகனிலேயே பிறந்தவர் அவர்தான், 1859இல். ஓவியர்கள் வந்து தங்கிய ப்ரோண்டும் விடுதி அவருடைய பெற்றோருடையது. டென்மார்க்கின் அரசுக் கலைப்பள்ளி 1888 வரை பெண்களைச் சேர்க்கவில்லை, அதனால் தனியாரிடம் படித்தார்.

அவர் கடலையே அநேகமாக வரையவில்லை என்பதுதான் ஆச்சரியம். வரைந்ததெல்லாம் வீட்டுக்குள்ளே. சமையலறையில் நமக்கு முதுகு காட்டி வேலை செய்கிற பெண், மஞ்சள் திரையில் வெயில். அறையில் தனியாக உட்கார்ந்திருக்கும் பார்வையிழந்த கிழவி. ஊர்க்காரர்கள் சவப்பெட்டியைச் சுற்றி நிற்கும் 'இறுதிச் சடங்கு' (1891). அதில் யாரும் மார்பில் அடித்துக்கொண்டு அழவில்லை. தெரிந்தவர்கள் தெரிந்தவரை அனுப்பி வைக்க வந்து நிற்கிறார்கள். வெளியூர் ஓவியருக்குக் கடல்தான் புதுசு. இங்கேயே பிறந்தவருக்கு அடுப்படிச் சுவரில் விழுகிற வெளிச்சம் போதும்.

#8 தூரிகைக்காரன்

கரைக்காற்றின் கேள்வி நியாயமானது. ஆனால் வெளியூர்க்காரர் என்பதாலேயே பார்வை பொய்யாகிவிடாது. எவ்வளவு நாள் தங்கினார், எதைக் கவனித்தார் என்று பார்க்க வேண்டும். ஃபோர்ப்ஸ் நியூலினுக்கு வந்தவர் அந்தப் பகுதியைவிட்டுப் போகவே இல்லை. 1899இல் மனைவி எலிசபெத்தோடு சேர்ந்து அங்கேயே ஓவியப் பள்ளி தொடங்கினார். 1947இல் அங்கேதான் இறந்தார்.

அவருக்கு முன்னாலேயே, 1882இல், நியூலினில் குடியேறியவர் வால்டர் லாங்லி. பர்மிங்ஹாமில் தையற்காரர் மகன், கல்லில் வரைந்து அச்சடிக்கும் கல்லச்சுத் தொழில் பயின்றவர். மேலிருந்து கீழே பார்க்கிற பார்வை அவரிடம் இருக்காது. ஆனால் அவர் துக்கத்தைத்தான் அதிகம் வரைந்தார், அதையும் சொல்ல வேண்டும். 1894இல் வரைந்த ஒரு படத்துக்கு, ஏதாவது ஒரு நெஞ்சு உடையாமல் எந்தக் காலையும் மாலையானதில்லை என்ற பொருளில் ஆங்கிலக் கவிஞர் டென்னிசனின் வரியையே தலைப்பாக வைத்தார். மாலை நேரம், துறைச் சுவரில் இளம்பெண் முகத்தை மூடி அழுகிறாள், கிழவி ஒருத்தி முதுகில் கை வைத்திருக்கிறாள். தோல்ஸ்தோய் கலை பற்றி எழுதியபோது லாங்லியின் ஒரு படத்தைக் குறிப்பிட்டு உண்மையான கலை என்று பாராட்டியிருக்கிறார். எனக்கும் லாங்லி மேல் மரியாதை உண்டு. இருந்தாலும் அவர் வரைந்த தனிக் கிழவிகளின் முகங்கள்தான் என் மனதில் நிற்கின்றன, கதை சொல்லும் படங்கள் நிற்கவில்லை.

துக்கத்தை வரைந்தும் பாசாங்கு இல்லாத படம் கேட்டால், மிக்கேல் ஆங்கரின் 'முனையைக் கடப்பானா?' (1880 வாக்கில்). ஆனாவின் கணவர். எண்ணெய்த் துணியும் நீள பூட்ஸுமாகக் கரையில் ஒரு மீனவர் கூட்டம், எல்லோரும் ஒரே திசையில் கடலைப் பார்க்கிறார்கள். ஆபத்திலிருக்கும் படகு படத்திலேயே இல்லை. அவர்கள் முகத்தில் இருப்பது தொழில்காரனின் கணிப்பு: காற்று இப்படி, நீரோட்டம் இப்படி, அவன் பாயை இந்நேரம் இறக்கியிருக்க வேண்டும்.

#9 வலைக்கண்

ஆமாம், அந்த நிற்பை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அப்படித்தான் நிற்பார்கள், பேசிக்கொள்ள மாட்டார்கள்.

#10 சாம்பல்வானம்

ஹாலந்தை விட்டுவிட்டோமே. யோசெஃப் இஸ்ராயெல்ஸ் 1855இல் உடம்பு தேற சாண்ட்ஃபோர்ட் என்ற மீன்பிடி ஊருக்குப் போனார். அதுவரை வரலாற்றுப் படங்கள் வரைந்துகொண்டிருந்தவர், அங்கே மீனவர்களைப் பார்த்து வழியையே மாற்றிக்கொண்டார். 'மூழ்கி இறந்தவனைச் சுமந்து வரும் மீனவர்கள்' (1861) இப்போது லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில். பாரம் சுமக்கிறவர்களின் முழங்கால் மடிப்பைப் பாருங்கள். சாவுப் படம்தான், ஆனால் அந்த உடலின் எடை தெரிகிறது.

அப்புறம் மெஸ்டாக். வங்கி வேலையை விட்டு முப்பத்தைந்து வயதில் ஓவியத்துக்கு வந்தவர். ஹேக் நகரத்தில் 1881இல் அவர் முடித்த வட்டக் காட்சி (பார்ப்பவரைச் சுற்றி வளைத்து வரைந்த ஒரே ஓவியம்) இன்றும் அதே கட்டடத்தில் இருக்கிறது: 14 மீட்டர் உயரம், சுற்றளவு 120 மீட்டர். நடுவில் மணல் மேடு, அதில் நின்றால் சுற்றிலும் ஸ்கெவனிங்கன் கரை. மனைவி சின்ட்யேவும் இளம் ஓவியர் ப்ரைட்னரும் சேர்ந்து வேலை செய்தார்கள். ஸ்கெவனிங்கனுக்கு அன்று துறைமுகம் கிடையாது. அடி தட்டையான கனத்த படகுகளைக் குதிரை பூட்டி மணலில் இழுத்து ஏற்றுவார்கள். 1894 டிசம்பர் புயலில் கரையில் நின்ற படகுகள் ஏராளமாக நொறுங்கின. 1904இல் துறைமுகம் வந்தது. அடி கூரான படகுகள் அதன் பிறகுதான் அங்கே தங்க முடிந்தது, தட்டைப் படகுகள் மெல்ல மறைந்தன. அந்தப் படகின் பலகை அமைப்பைத் தெரிந்துகொள்ள இன்றும் மெஸ்டாக் படங்களைப் பார்க்கலாம், அவ்வளவு சரியாக வரைந்திருக்கிறார்.

#11 கரைக்காற்று

ஸ்பெயின்காரர் சொரோயாவை யாரும் சொல்லவில்லை. 'இன்னும் மீன் விலை அதிகம் என்கிறார்கள்!' (1894), மத்ரித் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படகின் அடித்தளத்தில் அடிபட்ட சிறுவன், சட்டை இல்லாத உடம்பு, கழுத்தில் சின்னப் பதக்கம். வயதான இரண்டு மீனவர்கள். ஒருவர் தோளைத் தாங்கிப் பிடிக்க, இன்னொருவர் காயத்தில் துணி வைத்து அழுத்துகிறார். பின்னால் பிடித்த மீன் கிடக்கிறது. தலைப்பே சந்தையில் பேரம் பேசுகிறவர்கள் முகத்தில் எறிந்தது. நான் கேட்ட கோபம் இதில் இருக்கிறது.

#12 தூரிகைக்காரன்

சொரோயா படம் என் கட்சிக்கே வலு சேர்க்கிறது நண்பரே. அதில் யாராவது அழுகிறார்களா? காயத்தை அழுத்துகிறவர் கையைப் பாருங்கள், அதுவும் ஒரு வேலைதான், பாய் கட்டுகிற அதே கவனத்தோடு செய்கிறார். விபத்து எங்கே நடந்தது, யாருக்கு நடந்தது, பிடித்த மீன் என்ன ஆயிற்று, எல்லாம் அந்த ஒரு இடுக்கான இடத்திலேயே இருக்கிறது. அதே ஆண்டு அவர் வரைந்த 'மீன்பிடித்துத் திரும்புதல்', காளைகள் படகைக் கரைக்கு இழுக்கிற படம், பாரிஸ் ஒர்சே அருங்காட்சியகத்தில். 1896இல் வரைந்த 'பாய் தைத்தல்' வெனிஸில். மடித்துப் போட்ட வெள்ளைப் படகுப் பாயில் இலை நிழலும் வெயிலும் விழுந்து எத்தனை நிறம் எடுத்திருக்கிறது என்று சாம்பல்வானம் வந்து சொன்னால் நன்றாக இருக்கும்.

#13 சாம்பல்வானம்

சொல்கிறேன், ஆனால் பெரிய பதிவாகும். ஒன்று மட்டும் இப்போதே. அந்தப் பாயில் சுத்த வெள்ளை மிகக் கொஞ்சம். வெயில் நேராக விழும் இடத்தில் மஞ்சள் கலந்த வெள்ளை, செடி நிழலில் ஊதாவும் நீலமும், மடிப்புக்குள் பச்சை. நியூலின்காரர்கள் மேகத்தைத் தேடிப் போனதற்கு நேர் எதிராக, இவர் வேண்டுமென்றே நகரும் வெயிலுக்குள் பெரிய துணியைக் கொண்டுபோய் வைத்தார். அதற்குத் தூரிகை வேகமே வேறு. ஃபோர்ப்ஸின் மணலையும் இந்தப் பாயையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துப் பாருங்கள், மீதியை நாளை எழுதுகிறேன்.